உடல் ஏன் வளையவில்லை? விளையாடுவோரும் பயிற்சி செய்வோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மைதானம், ஜிம், நடன வகுப்பு என எங்கு போனாலும் "உடம்பு வளையவே மாட்டேங்குது" என்ற புகார் காதில் விழும். "நல்லா இழுத்துப் பிடி" என்பதுதான் அதற்குக் கிடைக்கும் அறிவுரை. அது பாதி சரி. இழுப்பதற்கு முன் எந்த மூட்டில் குறை, எவ்வளவு குறை, ஆடும் ஆட்டத்துக்கு அந்த வளைவு தேவையா என்று பார்க்க வேண்டும். இழுத்துப் பெற்ற தூரத்தில் வலுவும் சேர வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே உள்ள பகுதியைப் பற்றியவை. ஓட்டம், கபடி, கால்பந்து, பேட்மிண்டன் ஆடுவோருக்கு அதிகம் சிக்கல் தருவது அதுதான்.

நெகிழ்வு என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு மூட்டு வலியில்லாமல் எவ்வளவு தூரம் அசைகிறதோ அதுதான் நெகிழ்வு. அதில் இரண்டு அளவு உண்டு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை நீங்களே தூக்குகிறீர்கள். 60 டிகிரியில் நின்றுவிடுகிறது. அதே காலை நண்பர் பிடித்துத் தூக்கினால் 85 வரை போகிறது. முதல் அளவு உங்கள் சொந்த பலத்தில் போகும் தூரம். இரண்டாவது, இன்னொருவர் கொண்டுபோய் விடும் தூரம். நடுவே உள்ள 25 டிகிரிக்குள் கால் போகும், ஆனால் அங்கே அதை அடக்கி ஆள உங்களிடம் வலு இல்லை. இந்த இடைவெளி பெரிதாக உள்ளவர் மேலும் மேலும் இழுப்பதில் பயன் குறைவு. தானாகத் தூக்கிப் பழகுவதுதான் அவருக்கு முதல் வேலை.

இன்னொன்று: நெகிழ்வு உடல் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் அல்ல. தோளில் ரப்பராக இருப்பவருக்குக் கணுக்கால் மரக்கட்டையாக இருக்கலாம்.

தசை "குட்டையாகி" விட்டதால்தான் இறுக்கமா?

பெரும்பாலும் இல்லை. தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணிய உணரிகள் உள்ளன. தசை வேகமாகவோ பழக்கமில்லாத அளவுக்கோ நீண்டால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். தசை உடனே சுருங்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். "இதுக்கு மேல போகாது" என்று நீங்கள் உணரும் இடம் பல நேரம் தசையின் எல்லை அல்ல, நரம்பு மண்டலம் அனுமதிக்கும் எல்லை. தொடர்ந்து ஸ்ட்ரெட்ச் செய்பவருக்கு முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு, அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் பழக்கத்தால் வருவதே. தசை நார்கள் நிஜமாகவே நீள வேண்டுமென்றால் நீண்ட நிலையில் பளுவைத் தாங்க வேண்டும். அதனால்தான் வெறும் இழுப்போடு நிறுத்தக் கூடாது என்று சொல்கிறோம்.

எலும்பு வேறு கதை. இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் தொடை எலும்புக் கழுத்தின் கோணமும் ஆளுக்கு ஆள் மாறும். எலும்பில் எலும்பு முட்டி நின்றால் அங்கே இழுப்பு தெரியாது. சுவரில் மோதியது போல் "டக்" என்று நிற்கும், அல்லது தொடையிடுக்கின் முன்பக்கம் கிள்ளும். எந்த ஸ்ட்ரெட்ச்சாலும் அதை மாற்ற முடியாது.

எனக்கு எங்கே குறை என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். ஒரு டேப், ஒரு துண்டு, ஒரு கட்டில், லெவல் காட்டும் ஆப் உள்ள போன் போதும். எல்லாவற்றையும் இரண்டு காலிலும் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் ஒரு மாதம் கழித்து முன்னேறினோமா என்பதே தெரியாது.

கணுக்கால்: வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, ஒரு பாதத்தை முன்னால் வையுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பாதத்தை ஒரு செ.மீ. பின்னால் நகர்த்தி மறுபடி பாருங்கள். கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்கவும். 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த காலைக் கவனிக்க வேண்டும். பழைய சுளுக்கு ஒன்று அங்கே ஒளிந்திருக்கலாம். இந்தச் சோதனையில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சுலபம்: பாதம் வெளிப்பக்கம் திரும்பும், உள்வளைவு சரியும், முழங்கால் உள்ளே விழும், அளவு 3 செ.மீ. கூடிவிடும். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேர் மேலே போக வேண்டும்.

தொடையின் பின்பக்கம், அதாவது ஹாம்ஸ்ட்ரிங்: மல்லாந்து படுத்து, ஒரு காலைத் தரையோடு நீட்டி வைத்து, மற்றதை முழங்கால் மடங்காமல் தூக்குங்கள். போனை முன்னங்கால் எலும்பின் மேல் வைத்தால் ஆப் கோணத்தைக் காட்டும். முதலில் தானாக, பிறகு பாதத்தில் துண்டைப் போட்டு இழுத்து. துண்டோடு 80 டிகிரியைத் தாண்டினால் ஹாம்ஸ்ட்ரிங் உங்களுக்கு எதிரி அல்ல.

இடுப்பின் முன்பக்கம்: கட்டில் விளிம்பில் பிட்டம் வரும்படி மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கால் தொங்கட்டும். தொங்கும் தொடை கட்டில் மட்டத்துக்கு இறங்காமல் மேலே நின்றால் இடுப்பை மடக்கும் தசை இறுகியுள்ளது. தொடை இறங்கியும் முழங்கால் மடங்காமல் முன்னங்கால் நீட்டிக்கொண்டு நின்றால் தொடையின் முன்தசை. அணைப்பு தளர்ந்து அடிமுதுகு வில்லாக வளைந்தால் இறுக்கமான தொடையும் இறங்கியது போலத் தெரியும். முதுகு மெத்தையை ஒட்டி இருப்பதை ஒருவர் கை வைத்துப் பார்ப்பது நல்லது.

குனிந்தால் கால்விரல் எட்டவில்லை. ஹாம்ஸ்ட்ரிங்தானே காரணம்?

இருக்கலாம், கீழ்முதுகாகவோ கெண்டைக்காலாகவோ நரம்பாகவோ கூட இருக்கலாம். காலின் நீளத்துக்குக் கை குட்டையாக இருந்தாலும் எட்டாது. அதனால் எட்டுகிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நரம்பைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து, தாடையை நெஞ்சில் வைத்து, ஒரு காலை நீட்டிப் பாதத்தை உங்களை நோக்கி மடக்குங்கள். முழங்காலுக்குப் பின்னால் சுரீர் என்றோ கூச்சமாகவோ இருக்கிறதா? இப்போது காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். உணர்வு சட்டென்று குறைந்தால் அது தசை அல்ல. தலையை நிமிர்த்துவதால் தொடைத் தசையின் நீளம் மாறாது; மூளையிலிருந்து பாதம் வரை ஓடும் நரம்புத் தொடரின் இழுப்புதான் தளரும். நரம்பை 30 விநாடி இழுத்துப் பிடிப்பது தவறு. அது எரிச்சலடைந்து இன்னும் இறுகும். காலை நீட்டும்போது தலையை நிமிர்த்தி, மடக்கும்போது தலையைக் குனிந்து, மெதுவாக 10 முறை அசைத்துவிட்டாலே போதும்.

ஆட்டத்துக்கு முன் ஸ்ட்ரெட்ச் செய்யலாமா?

அசைந்துகொண்டே செய்வது நல்லது. அசையாமல் நீண்ட நேரம் பிடிப்பது வேண்டாம். ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் நீட்டிப் பிடித்துவிட்டு உடனே ஓடினாலோ குதித்தாலோ, வேகமும் எகிறலும் சற்றுக் குறைகின்றன. 15–20 விநாடி பிடித்து, அதன் பிறகு முறையான வார்ம்-அப் செய்தால் இழப்பு பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. ஆக, பழக்கத்தை விட முடியாதவர் பயப்படத் தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும்.

12–15 நிமிட வரிசை ஒன்று: முதல் 4–5 நிமிடம் மெதுவோட்டம், லேசாக வியர்க்கும் வரை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலை முன்பின்னாக 12, பக்கவாட்டில் 12 ஆட்டுதல். நடந்தபடியே நீண்ட எட்டு வைத்து முழங்காலை இறக்குதல், காலுக்கு 8. பக்கவாட்டில் எட்டு வைத்து உட்காருதல், காலுக்கு 6. முழங்காலை உயர்த்தி 20 மீட்டர், குதிகால் பிட்டத்தில் படும்படி 20 மீட்டர். கடைசியாக 20 மீட்டர் ஓட்டம் மூன்று முறை: முழு வேகத்தில் 60, 80, 90 விழுக்காடு. பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். முதல் முழுவேக ஓட்டம் ஆட்டத்துக்குள்ளேயே நடக்கிறது, அங்கேதான் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

கால்பந்து வீரர்களுக்காக உருவாக்கிய 'ஃபிஃபா 11+' வார்ம்-அப்பில் 15 பயிற்சிகள், சுமார் 20 நிமிடம். ஓட்டம், வலு, சமநிலை, தாவல் எல்லாம் உண்டு. அசையாமல் நீட்டிப் பிடிப்பது இல்லை. வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன.

ஆடி முடித்ததும் ஸ்ட்ரெட்ச் செய்தால் மறுநாள் வலி வராது என்கிறார்களே?

வரும். மறுநாள் வலியில் அது ஏற்படுத்தும் மாற்றம் மிகச் சிறியது. ஆனால் உடல் சூடாக இருப்பதால், நெகிழ்வைக் கூட்டும் பயிற்சிக்கு அது வசதியான நேரம்.

எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும், எத்தனை நாள் செய்ய வேண்டும்?

ஒரு தசைக்கு ஒருமுறை 15–30 விநாடி, 2 முதல் 4 முறை. கூட்டினால் குறைந்தது 60 விநாடி வர வேண்டும். வயதானவர்கள் 30–60 விநாடி பிடிப்பது நல்லது. வாரம் 3 நாள் செய்தால் பலன் தெரியும், 5–6 நாள் செய்தால் சீக்கிரம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து இழுப்பதை விடத் தினமும் 8 நிமிடம் மேல்.

இழுப்பின் அளவு முக்கியம். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் 4–5 போதும். மூச்சு அடைத்துக்கொண்டாலோ முகம் சுளித்தாலோ அளவு மீறிவிட்டது. அந்த நிலையில் தசை எதிர்த்துச் சுருங்கும். நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்கும்.

ஹாம்ஸ்ட்ரிங்குக்கு எது சரியான முறை?

30–40 செ.மீ. உயரமுள்ள ஸ்டூலில் குதிகாலை வையுங்கள். முழங்காலை இம்மியளவு தளர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளியபடி இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். தலை முழங்காலைத் தொட வேண்டும் என்று முதுகை வளைப்பதுதான் வழக்கமான தவறு. இடுப்பெலும்பு அசையாமல் முதுகு மட்டும் வளைந்தால் தலை கீழே போகும். ஹாம்ஸ்ட்ரிங் நீளவே நீளாது. இழுப்பு தொடையின் நடுச்சதையில் தெரிய வேண்டும். உட்காரும் எலும்பின் மீதே சுள்ளென்று வலித்தால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் புண்பட்டிருக்கலாம். அதை இழுக்க இழுக்கக் கூடும், உடனே நிறுத்துங்கள்.

இன்னும் கொஞ்சம் வேகமாக முன்னேற, இறுக்கி-விட்டு-நீட்டும் முறை. 1940களில் அமெரிக்காவில், நரம்பு பாதிப்பால் தசை வலுவிழந்தவர்களுக்காக ஹெர்மன் கேபாட் என்ற மருத்துவர் தொடங்கிய சிகிச்சை முறையிலிருந்து இது விளையாட்டுக்கு வந்தது. மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைப் போட்டு, இழுப்பு தெரியும் வரை காலைத் தூக்குங்கள். இப்போது குதிகாலால் துண்டைத் தரையை நோக்கி 6 விநாடி அழுத்துங்கள். முழு பலம் வேண்டாம், பாதி போதும். தளர்த்தி, மூச்சை விட்டபடி காலை இன்னும் சற்றுத் தூக்கி 20 விநாடி பிடியுங்கள். மூன்று சுற்று.

பிறகு வலு. நின்றபடி கைகளில் எடை பிடித்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி, முதுகு நேராக இருக்க இடுப்பிலிருந்து 3 விநாடியில் குனிந்து நிமிர்வது: 8 முறை, 3 சுற்று, வாரம் இரண்டு நாள். இதில் தேறியதும் மண்டியிட்டு முன்னே சாயும் 'நார்டிக்' பயிற்சி. கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, தலை முதல் முழங்கால் வரை நேர்க்கோடாக, முடிந்தவரை மெதுவாக முன்னே சாய்ந்து கடைசியில் கைகளால் ஊன்ற வேண்டும். முதல் வாரம் 5 முறை, 2 சுற்று, ஒரே ஒரு நாள். அதற்கே மறுநாள் படி இறங்கும்போது தொடை கெஞ்சும். 10–12 வாரத்தில் 8–10 முறை, 3 சுற்று வரை ஏற்றலாம். ஹாம்ஸ்ட்ரிங் கிழிவதைத் தடுப்பதில் இதற்கு இணையாகச் சோதிக்கப்பட்ட பயிற்சி வேறில்லை.

குதிகாலை ஊன்றிக் குந்த முடியவில்லை. என்ன செய்வது?

தரையில் குந்தியும் சம்மணமிட்டும் வளர்ந்தவர்களுக்கே, நாற்காலி வாழ்க்கைக்கு மாறிய சில ஆண்டுகளில் இது கைநழுவிப் போகிறது. மேலே சொன்ன சுவர்ச் சோதனையைச் செய்து, இழுப்பு எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள்.

பின்னால் கெண்டையில் இழுத்தால் தசை. கெண்டையில் இரண்டு தசைகள் உண்டு: மேலே தெரியும் பெரியது முழங்காலைத் தாண்டிப் போகிறது, அதனால் முழங்காலை நீட்டி வைத்தால்தான் அது நீளும். அடியில் இருப்பது முழங்காலைத் தாண்டுவதில்லை. முழங்காலை மடக்கி வைத்து நீட்ட வேண்டும். குந்துவதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது. ஆனால் எல்லோரும் சுவரில் கை ஊன்றி, காலை நேராக நீட்டி, முதலாவதை மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கணுக்காலின் முன்பக்கம் அடைத்தது போலவோ கிள்ளியது போலவோ இருந்தால் மூட்டு. கெண்டையை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. பாதத்தை ஒரு படியின் மேல் வைத்து முழங்காலை முன்னும் பின்னும் 15 முறை தள்ளித் தள்ளி, மூட்டையே அசைத்துப் பழக வேண்டும்.

இரண்டோடும், ஜன்னல் கம்பியையோ கதவு நிலையையோ பிடித்துக்கொண்டு தினமும் மொத்தம் 3–5 நிமிடம் குந்துங்கள். முதலில் குதிகாலுக்கு அடியில் 2–3 செ.மீ. பலகை வைத்து, வாரங்கள் போகப் போக அதை மெலிதாக்குங்கள்.

எடை தூக்கினால் உடல் இறுகிவிடும் என்று சொல்கிறார்கள், உண்மையா?

அரைகுறைத் தூரத்தில் தூக்கினால் உடல் அந்த அரைகுறைத் தூரத்துக்கே பழகும். முழுத் தூரத்துக்கு இறங்கி ஏறும் பஸ்கியும் மார்பு தரையை நெருங்கும் தண்டாலும், நெகிழ்வை ஸ்ட்ரெட்ச்சிங்குக்கு ஏறத்தாழச் சமமாகக் கூட்டுகின்றன.

கபடியில் போனஸ் எடுக்கும்போது தொடையிடுக்கு இழுத்துக்கொள்கிறது.

ஆறு பேருக்குக் குறையாமல் எதிரே நிற்கும்போது, ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மற்றக் காலைத் தரையில் படாமல் வைத்தால்தான் புள்ளி. உடல் முழுவதும் ஒரே காலில். தொடைகள் அகன்ற நிலை. அந்த நொடியில் கார்னரில், அதாவது எதிரணி வரிசையின் ஓரத்தில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்து இழுத்தால், கால் எவ்வளவு அகலும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். முதல் கேள்வியில் சொன்ன அந்த 25 டிகிரி இடைவெளிக்குள் கால் போவது இப்படித்தான்.

பாதங்களைச் சேர்த்து வைத்து முழங்கால்களை ஆட்டும் வண்ணத்துப்பூச்சி நிலையை எல்லோரும் செய்கிறார்கள். அதில் முழங்கால் மடங்கியிருப்பதால், உள்தொடையில் முழங்காலைத் தாண்டி ஓடும் நீண்ட தசை நீளாது. கபடியில் அகலுவது நீட்டிய கால். எனவே கால்களை நன்றாக அகட்டி நின்று, ஒரு பக்கம் முழுதாக உட்கார்ந்து, மறுகாலை நேராக நீட்டி வைக்கும் பயிற்சி வேண்டும்: பக்கத்துக்கு 6, மூன்று சுற்று. அதோடு வலு: ஒருக்களித்துப் படுத்து, மேல்காலின் முழங்காலைப் பெஞ்சில் வைத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி 10–20 விநாடி நிற்பது, பக்கத்துக்கு மூன்று முறை. எளிதானதும் முழங்காலுக்குப் பதில் கணுக்காலைப் பெஞ்சில் வையுங்கள்.

மகளுக்கு அரைமண்டி விரியவில்லை. பாதத்தை இன்னும் திருப்பச் சொல்லலாமா?

வேண்டாம். அரைமண்டி என்பது பரதநாட்டியத்தில் பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முழங்கால்களை மடக்கி நிற்கும் நிலை. அதில் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. இடுப்பு 40 டிகிரி திரும்பும் குழந்தை பாதத்தை 70க்குத் திருப்பி நின்றால், மிச்ச 30ஐ முழங்காலும் கணுக்காலும் முறுக்கிக்கொண்டு கொடுக்கின்றன. முன்னாலிருந்து பாருங்கள்: முழங்கால் பாத விரல்களின் நேர்மேலே இல்லாமல் உள்ளே விழுந்தால், பாதம் அளவுக்கு மீறித் திரும்பியிருக்கிறது. முழங்கால் எங்கே போகிறதோ அங்கே பாதம் இருக்கட்டும். பிட்டத்தின் ஆழ்தசைகள் வலுப்பட்டால் இடுப்பே கூடுதலாகத் திறக்கும். குழந்தையின் தொடை மேல் ஏறி அழுத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

13 வயது மகன் போன வருடம் வளைந்தான், இப்போது வளையவில்லை.

எலும்பு சடசடவென நீளும் பருவத்தில் தசை பின்தங்கும்; கொஞ்ச காலத்தில் ஈடுகட்டிக்கொள்ளும். மென்மையாகத் தொடருங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தாலோ குதிகாலின் பின்பக்கம் வலித்தாலோ, தசைநாண் எலும்பின் வளர்ச்சித் தட்டை, அதாவது எலும்பு வளரும் இடத்தைப் பிடித்து இழுக்கிறது. அப்போது ஸ்ட்ரெட்ச்சைக் கூட்டாமல், ஓட்டத்தையும் தாவலையும் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு எல்லா மூட்டும் மிக எளிதாக வளைகிறது. நல்லதுதானே?

சுண்டுவிரல் பின்னோக்கி 90 டிகிரியைத் தாண்டுகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் 10 டிகிரிக்கு மேல் பின்னால் வளைகின்றனவா? இரு பக்கமும் தனித்தனியாக எண்ணினால் எட்டு மதிப்பெண். முழங்காலை மடக்காமல் உள்ளங்கை தரையில் பதிந்தால் ஒன்பதாவது. 50 வயதுக்குட்பட்ட பெரியவர் 5 அல்லது அதற்கு மேல் பெற்றால் மூட்டுகள் அளவுக்கு மீறித் தளர்வானவை என்று கொள்வார்கள். அவருக்கு ஸ்ட்ரெட்ச்சிங் தேவையில்லை. எடைப் பயிற்சிதான் தேவை. "ஆனாலும் இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்று இவர்கள் சொல்வது பொய்யல்ல. தளர்ந்த மூட்டைத் தாங்கிப் பிடித்துக் களைத்த தசை அப்படித்தான் உணரும்.

காலையில் எழுந்ததும் செய்யலாமா?

முன்பக்கம் முழுதாகக் குனிவதை முதல் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இரவில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போது குனிந்தால் அவற்றின் மீது அழுத்தம் அதிகம். நடை, கை கால் அசைவுகள் தாராளமாகச் செய்யலாம்.

ஐம்பதைத் தாண்டிவிட்டேன். தோள் மேலே போகவில்லை. இழுத்துப் பழகலாமா?

முதலில், தோள் தானாகப் போகவில்லையா, இன்னொருவர் தூக்கினாலும் போகவில்லையா என்று பாருங்கள். இரண்டு விதத்திலும் போகவில்லை, கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் அது உறைந்த தோளாக (ஃப்ரோசன் ஷோல்டர்) இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். ஃபிசியோதெரபிஸ்டிடம் (ஃபிசியோ) போங்கள், வலியுள்ள கட்டத்தில் பலமாக இழுத்தால் இன்னும் மோசமாகும்.

ஆறு வாரம் செய்தேன், டேப் அளவு நகரவே இல்லை.

வாரத்தில் உண்மையாகவே எத்தனை நாள் செய்தீர்கள் என்பதை முதலில் எண்ணுங்கள். பிறகு அளந்த நேரம்: ஒருநாள் காலையில், ஒருநாள் ஆடி முடித்துச் சூடாக இருந்தபோது என்று அளந்திருந்தால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. அடுத்து, இழுப்பு எந்த இடத்தில் தெரிகிறது? தசையில் தெரியாமல் மூட்டின் முன்பக்கம் கிள்ளினாலோ நரம்பு கூசினாலோ, ஆறு வாரமாகத் தவறான இடத்தில் வேலை செய்திருக்கிறீர்கள். இவை எல்லாம் சரி என்றால் வலுப் பயிற்சியைச் சேர்த்து இன்னொரு ஆறு வாரம் தாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நகராமல் நின்றாலோ, கால் மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ காத்திருக்க வேண்டாம். எழுதி வைத்த அளவுகளை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரையோ ஃபிசியோவையோ பாருங்கள்.